வெற்று எடை

ஏற்றிய லோரி பதினான்காயிரத்து இருநூற்று அறுபது.
இறக்கிய லோரி ஐயாயிரத்து அறுநூற்று இருபது.
கழித்தால் வருவது குலை.
சீட்டு மூன்று நகல்களாக அச்சாகிறது.

எஸ்டிபிஎம் எழுதி முடித்ததிலிருந்து
ஊத்தான் மெலிந்தாங் செம்பனை ஆலையில்
நிறுவை மேடைக் கண்ணாடி அறைக்குள்
எனக்கு இதுதான் வேலை.
யோகமலர் என்ற பெயர் இங்கே யாருக்கும் நீளம்.
லோரிக்காரர்கள் 'டிக்கெட்' என்கிறார்கள்.
டிக்கெட், இன்னிக்குக் கொறச்சிடாத.
நானா குறைக்கிறேன்?
பாதி நனைந்த மண்.

ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள்.
அரசாங்கத்தினுடையது பெர்லிஸ் பக்கம்.
தோட்ட மேலாண்மை.
கட்டம் காலியாக இருக்கக் கூடாதென்று
பத்தாவது விருப்பமாக நிரப்பியது.
செம்பனைக்கு நடுவே பிறந்தவளுக்குச்
செம்பனையையே கொடுத்திருக்கிறார்கள்,
விடுதியோடு, அப்பாவின் இரண்டு மாதச் சம்பளத்துக்கு.

மற்றது சுபாங்.
கட்டடக்கலை, மூன்று வருடம்,
எழுபத்திரண்டாயிரம் வெள்ளி.
கணினி தனி.
மாதிரி செய்யும் அட்டையும் பசையும் தனி.
அந்த வரியில்தான் எனக்கு ஆசை முற்றியது,
அட்டையும் பசையும்.

நாலாம் ஆண்டில் தெலுக் இந்தானுக்குக் கூட்டிப்போனார்கள்.
சாய்ந்த கோபுரத்தின் முன்னால்
எல்லாரும் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.
நான் அடியில் குந்தி மண்ணைப் பார்த்தேன்,
ஏன் விழவில்லை என்று தெரிந்துகொள்ள.
ஒன்றும் தெரியவில்லை.
மண் மாதிரிதான் இருந்தது.

அப்பா ஈபிஎஃப் கணக்கைக் கைப்பேசியில் திறந்து
திரையை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக்
குளிக்கப் போனார்.
வழக்கத்தைவிட நெடுநேரம் குளித்தார்.
அம்மா சங்கிலியைக் கழற்றிக் கொடுக்கவில்லை.
அது ஏற்கெனவே அடகுக்கடையில் இருக்கிறது,
கூரை மாற்றிய வகையில்.
தம்பி திவ்யன் மட்டும் பேசினான்:
நீ போக்கா, எனக்கெல்லாம் படிப்பு ஏறாது.
அறிவியலில் எண்பத்தொன்பது வாங்கியவன்.
சாமர்த்தியமாகப் பொய் சொல்லவும் தெரியாது அவனுக்கு.

இரண்டு லோரிகளுக்கு நடுவே
வீணான சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன்.
கடன் இவ்வளவு கிடைக்கும், துண்டு இவ்வளவு விழும்.
மாதா மாதம் விழும்.
திவ்யன் என்று ஒரு வரி எழுதி
எதிரே எண் போடாமல் விட்டேன்.

பிறகு ஆசையை மேடையில் ஏற்றினேன்.
மொத்த எடை இருக்கட்டும்,
இதில் வண்டி எவ்வளவு?
சுபாங் என்று சொல்லும்போது வாயில் ஊறுவது எவ்வளவு,
பிரமிளா போடும் படங்கள் எவ்வளவு,
ஆலைப் புகை நாறாத சட்டை எவ்வளவு?
ஒவ்வொன்றாக இறக்கினேன்.
அட்டையும் பசையும் மிஞ்சின.
ஒரு கிலோகூடக் குறையவில்லை.

குறைந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும்.
நாலு ஐம்பதுக்குத் தவுக்கே லியாவின் பச்சை லோரி
மேடையில் ஏறி நின்று ஹாரன் அடித்தது.
பெர்லிஸை அழுத்திவிட்டு
அவருக்குச் சீட்டுக் கொடுத்தேன்.

பக்கத்து வீட்டு ராசம்மாள் அத்தை
குடும்பத்தை நினைச்ச புள்ள என்று கன்னத்தைத் தொட்டார்.
தியாகம் என்ற வார்த்தை
அவர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது தெரிந்தது.
அத்தை, இது கழித்தல்.
ஆனால் சொல்லவில்லை. முறுக்கு கொண்டுவந்திருந்தார்.

யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு.
முதல் சம்பளத்தில் ஐந்நூறு வெள்ளியைச்
சுபாங்கில் இடம்பிடிக்கக் கட்டிவிட்டேன்.
திருப்பித் தர மாட்டார்கள்,
சிறிய எழுத்தில் போட்டிருக்கிறது, படித்துத்தான் கட்டினேன்.
ரசீது எங்கள் சீட்டைப் போன்ற அதே தாள்,
சூட்டில் எழுத்து விழும் வகை.
ஆறு மாதத்தில் வெளுத்துவிடும்.
எனக்குத் தெரியாதா?

இன்று சாப்பாட்டு நேரத்தில்
அலுவலக இயந்திரத்தில் அதை நகல் எடுத்தேன்.
இருபது காசை
மேசை டப்பாவில் போட்டேன்.