எட்டு ஷில்லிங்

ஃபியோனா என்று எழுதிக் கொடுத்தேன்.
டிர்க் சிரிக்கவில்லை.
பகலில் டயர் மாற்றுகிறவன்,
வியாழன் இரவில் எங்கள் குழுவின் பெயர்ப் பதிவாளன்.
கழுவியும் போகாத கறுப்பு நகக்கண்களில்.
பென்சிலால் மெல்ல ஒரு கோடு இழுத்தான்:
"இது பிந்தி வந்த பெயர். கதைக்காகக் கட்டியது.
நீங்கள் தைத்திருக்கிற சட்டை
ஆயிரத்து நானூற்று இருபது."

சட்டைக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதுபோல்
இருவரும் அதைப் பார்த்தோம்,
கதிரை முதுகில் தொங்கிய மூன்று மாதக் கம்பளி.

ஃபெர்கஸ் ஊரின் கர்லிங் கிளப், மேல்மாடி.
கீழே பனித்தளத்தில் கருங்கல் வழுக்கி வந்து
இன்னொரு கல்லை முட்டும் சத்தம்.
முட்டுக்கு ஒரு பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தான்.
பெத்தோக். ஃபோர்ஃப்லிஸ்ஸா. டெர்வொர்கில்லா.
அஃப்ரிக்கா.
கண்டமா என்றேன்.
இல்லை, ஒரு பிரபுவின் மகள்.

எல்லாருமே பிரபுவின் மகள்களாய் இருந்தார்கள்.
காணி கொடுத்தவள், மடம் கட்டியவள்,
கலியாணமாகிப் போய்ச் சண்டை ஒன்றை நிறுத்தியவள்.
கொடுக்க ஒன்றுமில்லாதவள்
எந்த ஏட்டில் ஏறுவாள்?

"குற்றத்தில்" என்றான் டிர்க்.

நகர மன்றின் பதிவு. பிரதியின் பிரதி.
மரியோட்டா, ஏல் காய்ச்சி
விதித்த விலைக்கு மேல் விற்றாள்.
அபராதம் எட்டு ஷில்லிங்.
அவ்வளவுதான் அவள்.
அடுத்த சொல் புருஷன் பெயரோ என்னவோ,
மை ஊறிக் கிடக்கிறது.
மரியாளைச் செல்லமாகச் சுருக்கினால்
மரியோட்டா வருமாம்.
தண்டம் விதிக்கிற நேரத்திலும்
செல்லப் பெயரைத்தான் எழுதியிருக்கிறான் எழுத்தன்.

இதுதான் என்றேன்.

"அடுத்தது தகப்பன் பெயர். 'மக்' ஆணுக்கு.
பெண்ணுக்கு மகள் என்ற சொல் தனியே உண்டு,
ஆனால் அது கேலிக். உங்களுடையது லத்தீன் ஏடு.
இரண்டையும் கலக்க விடமாட்டார்கள்.
ஃபிலியா என்று போடலாம். யாருடைய?"

மரியாம்பிள்ளை.

பென்சில் நின்றது.
ஓர் ஆணுக்கா, மரியாளின் பெயர்?
ஓம். மன்னாரில் மண்ணெண்ணெய் அளந்து விற்றவர்.
மீசையும் இருந்தது.

பத்தொன்பது வருசமாய் இந்த நாட்டில்
ஆஸ்பத்திரியில், வங்கியில், பல்லுப் பிடுங்குகிற இடத்தில்
என் கடைசிப் பெயரின் முதல் துண்டைப் பிடித்துக்கொண்டு
"மேரி" என்கிறார்கள்.
எழும்பிப் போகிறேன்.
மேரி நானில்லை, அது என் அப்பா என்று
எந்தக் கவுண்டரில் சொல்வது?

ஜெசிந்தா என்பதற்கும் அத்தாட்சி கேட்டார்கள்,
வந்த புதிதில்.
கச்சேரி எரிந்துபோயிருந்தது.
கரையான் அரித்த ஞானஸ்நானப் புத்தகத்தில்
மிஞ்சிய அரை வரியைப் பார்த்தெழுதி
பங்குச் சாமியார் முத்திரை குத்தித் தந்தார்.
ஒரு ஆள் இருந்ததற்கு அரை வரி போதும்.
இது எனக்குப் புதிதில்லை, டிர்க்.

தகப்பன் கட்டத்தை வெறுமையாய் விட்டோம்.
அவளுக்கும் அங்கே ஒன்றுமில்லை.

ஆகஸ்ட். ஆற்றங்கரைப் புல்வெளி.
வியர்வையில் கம்பளி கனத்தது,
யாரோ கோழி சுட்டுக் கருக்கினார்கள்.
கூடாரங்களுக்கு அப்பாலிருந்து
"மரியோட்டா!"
எழும்பினேன்.
பக்கத்தில் இன்னொருவரும்
எழும்பியதுபோல் இருந்தது,
மண்ணெண்ணெய் மணத்தோடு.

அபராதத்தைக் கட்டினாளா என்று
அன்றிரவு கேட்டேன்.
அந்தப் பக்கம் அதோடு கிழிந்திருக்கிறது என்றான்.