மூன்றாமவள் கல்தச்சனிடம் சொன்னது

கறுத்த கல்லாகப் பார்.
பிரெத்தோன் கடற்காற்று அரிக்காததாக இருக்கட்டும்.
படகுக்கூலி என் பொறுப்பு.
குயோமார், கெர்வெல் கோட்டைப் பிரபு:
இதைப் பெரிதாகச் செதுக்கு, போதும்.

முதலில் வந்தவள் லெவெனேஸ்,
பதினாறு உப்புப் பாத்திகளோடு.
ஒன்பது வருடம் வயிறு திறக்கவில்லை என்றதும்
நான்கு தலைமுறைக்கு அப்பால்
இருவருக்கும் பொதுவாக ஒரு பாட்டனைத் தோண்டியெடுத்தார்கள்.
முத்திரை குத்திய தோல் ரோமிலிருந்து வந்தது.
அந்தத் திருமணம் நடக்கவே இல்லையாம்.
நடக்காத திருமணத்தின் உப்பை
நேற்றும் கஞ்சியில் போட்டேன்.

அடுத்தவள் ஓர்வென். சீதனம் ஓக் காடு.
மூன்று பேறு, மூன்று சின்னக் குழி,
நான்காவதில் அவளும்.
அந்த வாரம் அவர் வேட்டைக்குப் போகவில்லை என்கிறார்கள்.
அவர் துக்கம்பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவே.

நான் விதவையாக வந்தேன்,
வேறொருவன் மகனும் வேறொருவன் கடனுமாக.
பல்போன வாய்க்கு ரொட்டியைப் பாலில் ஊறவைத்தேன்.
கடைசி இரவுகளில் என்னை
லெவெனேஸ் என்றே கூப்பிட்டார்.
ம் கொட்டினேன்.

பக்கத்தில் யாரைக் கிடத்துவது என்று கேட்கிறாய்.
அவள் இன்னும் இருக்கிறாள், கன்னியர் மடத்தில்,
கோழி வளர்த்துக்கொண்டு.
ஆளனுப்பிக் கேட்டேன்.
"அந்த மனிதரை நான் மணந்ததே இல்லையே"
என்று சொல்லி
ஆறு முட்டை கொடுத்தனுப்பினாள்.

காலடியில் ஒரு நாய் வை.
பக்கத்துக் கல்லைக் கொத்தாமல் விடு.
அவளுக்கு ஒரு மூட்டை உப்பு போகவேண்டும்,
உன் வண்டி அந்த வழியாகவா?