இறுகாத ஏரி

சவுனா அறைச் சுவருக்குப் பதித்தது போக
மிஞ்சிய நுரைப்பலகைதான் மலை.
ரொட்டிக் கத்தியால் சரிவை அறுக்கிறேன்.
துகள் பறந்து கம்பளிச் சட்டையில் ஒட்டுகிறது;
தட்டினால் கைக்கு மாறுகிறது,
கையை உதறினால் மூக்குக்கு.

மண்ணுக்குக் காப்பிச் சக்கை.
பின்லாந்தில் அதற்கா பஞ்சம்!
அவசர அழைப்பு மையத்தில்
ஆறு பேர் இரவெல்லாம் குடித்துத் தீர்த்ததை
டப்பாவில் அள்ளிவந்து அடுப்பில் வாட்டினேன்.
ஈரம் தங்கினால் மலையில் பூசணம் பூக்கும்.
போன வருடம் ஆல்ப்ஸ் அப்படித்தான் போயிற்று.

மரங்களுக்கு, பனிமான் மேயும் வெண்பாசி.
பச்சைச் சாயத்தில் ஊறவைத்து
கம்பித் தண்டில் பசையிட்டால்
இத்தாலிய ஓக்.
பனிமான் வந்து கேட்டால்
பதில் கைவசம் இல்லை.

வீரர்கள் கட்டைவிரல் நகத்தளவு உயரம்.
கெல்டியருக்குக் கட்டம்போட்ட காற்சட்டை;
ஒரு காலுக்கு இருபது நிமிடம்.
நுமிடியர் கடிவாளமில்லாமல் ஏறுபவர்கள்,
புண்ணியவான்கள், வேலை மிச்சம்.
தளபதிக்கு மட்டும்
பூதக்கண்ணாடியின் கீழே மூச்சடக்கி
இரண்டு கண்ணும் வைத்துவிட்டேன்.
பிறகுதான் உறைத்தது,
சதுப்பைக் கடக்கையில் ஒன்று போய்விட்டதே அவனுக்கு.
தூரிகையின் ஒற்றை மயிரால்
நானே அதை அவித்தேன்.
கை நடுங்கவில்லை.
அதுதான் கொஞ்சம் உறுத்தியது.

ரோமானியர்கள் தொர்ஸ்தியின் பொறுப்பு.
பகலில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறான்,
இரவில் எல்லோருக்கும் ஒரே சிவப்பு அடிக்கிறான்.
'தீயணைப்பு நிலையமா இது?' என்றால்
'தூரத்திலிருந்து பார்' என்பான்.

கடைசியாக ஏரி.
பிசினில் கெட்டிப்படுத்தும் திரவம் கலந்து
ஒரு சொட்டு நீலம், ஒரு சொட்டு பழுப்பு,
கொட்டகையில் ஊற்றி மூடிவைத்தேன்.
வெளியே இருபத்துநான்கு டிகிரி, பூஜ்ஜியத்துக்குக் கீழே.
கல்லவேசியின் மேல் கார் போகிறது, லாரி போகிறது.
என் மேசை ஏரி மட்டும்
இறுகமாட்டேன் என்கிறது.
அதற்குச் சூடு வேண்டுமாம்.

சனிக்கிழமை காத்திருக்க முடியவில்லை.
பழைய தலையணையைக் கிழித்து மூடுபனி பரப்பினோம்.
பஞ்சுக்குள்ளிருந்து என் குதிரைப்படை இறங்க
பகடை அன்று தொர்ஸ்தியின் பக்கம்:
ஐந்து, ஆறு, மறுபடி ஆறு.
திராசிமேனோவில் செத்தவர்கள்
வரிசை குலையாமல் வெளியேறினார்கள்.
ஒரே ஒரு பிரிவு பின்வாங்க,
விதிப்படி இரண்டு அங்குலம்,
ஒருவன் ஏரியில் நின்றான்.

ஆட்டம் முடிந்து எடுக்கப் போனால் வரவில்லை.
இழுத்தால் தண்ணீர் நூலாக நீள்கிறது.
தொர்ஸ்தி குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான்.
'கணுக்கால்வரைதான்.
உண்மையில் கழுத்துவரை நின்றார்கள்' என்றான்.
மற்றவர்களைப் பஞ்சு சுற்றி
மீன்தூண்டில் பெட்டியில் அடுக்கிக்கொண்டு
ஜெயித்த சந்தோஷத்தை மறைக்காமல் போனான்.

ஞாயிறு இரவு, மூன்று மணி பத்து.
காதில் ஒரு பெண்குரல்:
பனிவண்டியோடு உள்ளே போய்விட்டார்,
நீரோட்டம் உள்ள இடம், பாலத்துக்கு வடக்கே.
'பெயர்?'
'வெய்க்கோ. என் வீட்டுக்காரர்.'
'தலை தெரிகிறதா?'
'தெரிகிறது.'
'நீங்கள் கிட்டே போகவேண்டாம்.
படுத்துக்கொள்ளுங்கள். கயிறு உண்டா?
அவரோடு பேசிக்கொண்டே இருங்கள்.'
எதைப் பற்றி என்று கேட்டாள்.
எதையாவது, என்றேன்.
காய்கறி விலை பேசினாள் அவள்,
பத்தொன்பது நிமிடம்.
ஏற்றிவிட்டார்கள். மூச்சு இருந்தது.

காலையில் கொட்டகைக் கதவைத் தோளால் தள்ளினேன்.
விட்டுப்போன ஹீட்டர் இரவெல்லாம் எரிந்திருக்கிறது.
ஏரியை விரலால் அழுத்திப் பார்த்தேன்:
கண்ணாடி.
அவன் நிற்கிறான்.
முதன்முறையாக அவன் பின்பக்கம் என் பக்கம்.
தொர்ஸ்தி அங்கே சாயமே தொடவில்லை.
வரிசையில் நின்றால் தெரியாது என்று விட்டிருப்பான்.
வெறும் கறுப்பு.

மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை நான்.
அந்தத் தீயணைப்புச் சிவப்பு வேண்டாம்;
கொஞ்சம் பழுப்பு கலந்து,
மடிப்புக்கு மடிப்பு,
முதுகிலிருந்து தொடங்கினேன்.