கண்ணோரத்தில் ஒரு கடுகு

கோத்தகிரிக்குக் கீழே, சோலை முடிந்து
தேயிலை தொடங்கும் ஓரத்தில்
விடியுமுன் வலை கட்டினோம்.
மூங்கில் இரண்டு. நடுவே
பனி பட்டால் மட்டும் தெரியும் நூல்.

ஐந்தே முக்காலுக்கு வந்து விழுந்தது
ஆறுமணிக்குருவி.
"கால் மணி முந்திடுச்சு" என்றாள் புஷ்பராணி.
வலையிலிருந்து நகத்தைப் பிரித்துக்கொண்டே
"ஆடாத, ஆடாத" என்று அதனிடம்.

ஐம்பத்தாறு கிராம்.
இறக்கை நூற்று நான்கு மில்லிமீட்டர்.
வடக்கே எந்தக் காட்டில் புறப்பட்டதோ,
நெஞ்சுத் தூவியை ஊதிப் பார்த்தால்
தோலுக்கடியில் மஞ்சளாய்க் கொஞ்சம் கொழுப்பு,
அணையப்போகும் சிம்னியில் நிற்கும் எண்ணெய் மாதிரி.

கண்ணுக்குக் கீழே, கறுப்புப் பட்டையோரம்
மூன்று கடுகு.
பட்டையின் மிச்சம் என்றே விட்டிருப்பேன்,
ஒன்று மட்டும் கால் அசைக்காதிருந்தால்.

அலகு எட்டாத இடம் அது.
முதுகைக் கோதலாம், வாலைக் கோதலாம்,
தன் முகத்தைத் தானே கொத்திக்கொள்ள முடியாது.
அந்த இடம்தான் வேண்டியிருக்கிறது உண்ணிக்கு.

உண்ணி.
எவ்வளவு நேர்மையான பெயர்.
மாட்டின் மேல் அதைப் பொறுக்கித் தின்பது
உண்ணிக்கொக்கு.
வேலியெங்கும் பூத்து நிற்கிற, எங்கிருந்தோ வந்த செடிக்கும்
உண்ணிச்செடி என்றே பேர் வைத்தோம்.
அதன் கருநீலப் பழத்தைக் கொண்டைக்குருவி தின்று
அடுத்த மேட்டில் எச்சமிடும்.
மறு வருஷம் அந்த மேடும் உண்ணிச்செடி.
தின்பது, தின்னக் கொடுப்பது, சுமந்து போவது
எல்லாம் ஒரே பேரில்.
ரேஷன் கார்டு எழுதுகிறவர் திணறிப்போவார்.

இடுக்கியைத் தோலோடு ஒட்டி வைத்து
திருகாமல், நசுக்காமல், நேரே இழுக்க வேண்டும்.
நசுங்கினால் அதன் வயிற்றில் உள்ளது
குருவிக்குள் போகும்.
என்ன உள்ளது? ஒருவேளை ஒன்றுமில்லை.
ஒருவேளை ரிக்கெட்சியா.
ஆய்வகம் சொல்ல ஒரு மாதம் ஆகும்.

குப்பியைத் திறந்து பிடித்தபடி புஷ்பராணி சொன்னாள்:
"மண்டபம் கேம்ப்ல எங்கம்மாவையும் இப்படித்தான்
முடியைப் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தாங்களாம்.
கப்பல்ல இறங்குன அத்தனை பேரையும்.
பேன் இருக்கா, காய்ச்சல் இருக்கான்னு.
அப்ப அதுக்கு ஒம்பது வயசு.
ஒண்ணும் கிடைக்கல.
ஆனாலும் வெள்ளைப் பொடி கொட்டித்தான் விட்டாங்க."

நான் பதில் சொல்லவில்லை.
ஒன்று. இரண்டு.
மூன்றாவதின் வாய் உள்ளேயே நின்றுவிட்டது.

வளையத்தில் இருந்த எண்ணை நான் படிக்க
அவள் எழுதினாள். குப்பிக்கு வேறு எண்.
கையை விரித்தேன்.
நீலம் ஒரு நொடி, வாலடிச் சிவப்பு ஒரு நொடி,
அப்புறம் சோலை.
இன்னும் சில நாளில் கடல் தாண்டும்,
புஷ்பராணியின் அம்மா வந்த வழியே, எதிர்த்திசையில்.
அக்கரையில் யாரும்
அதன் தூவியைப் பிரித்துப் பார்க்கப்போவதில்லை.

அன்றிரவு குளிக்கையில்
முழங்காலுக்குப் பின்னே விரல் இடறியது.
டார்ச்சைப் பல்லில் கடித்து
கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்துப் பார்த்தேன்.
எள்ளளவு.
எனக்கும் இருக்கிறது அலகு எட்டாத இடம்.

குருவியிலிருந்து இறங்கியதா,
கடமான் படுத்த புல்லிலிருந்தா,
பக்கத்து லைன் வீட்டு நாயிடமிருந்தா?
எள்ளிடம் ஊர் கேட்பது எப்படி?

புஷ்பராணி நைட்டியோடு ஓடி வந்தாள், கையில் இடுக்கி.
"ஆடாதீங்கக்கா" என்றாள்.
காலையில் கேட்ட அதே குரல்.

காலண்டரில் பதினான்கு கட்டம் எண்ணி
கடைசியை வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.
காய்ச்சல் வந்தால் மாத்திரை உண்டு,
கோத்தகிரி பெரியாஸ்பத்திரியில் சொல்லியாகிவிட்டது.
இன்று ஐந்தாம் நாள்.
கடித்த இடம் சிவந்து, அடங்கி, அரிக்கிறது.

மாலை ஆறு.
சோலைப் பக்கம் இரண்டு சீட்டி, கொஞ்சம் விட்டு இன்னொன்று.
வேறு குருவியாக இருக்கும்.
வளையம் உண்டா என்று இங்கிருந்து தெரியாது.
தெர்மாமீட்டரை நாக்கடியில் வைத்தபடி
கேட்டுக்கொண்டிருக்கிறேன்,
பதிலுக்குச் சீட்டியடிக்க வாய் இல்லாமல்.