ராத்திரியா, பகலா

வீட்டில் வைத்துப் படித்தால்
பங்காளிச் சண்டை வரும் என்கிறாள் மங்கையர்க்கரசி.
அதனால் எழுநூறு பக்கமும்
கோர்ட்டுப் பைக்குள், ஜப்தி வாரண்டுகளோடு
ஆரப்பாளையத்தில் பஸ் ஏறுகிறது.

தமுக்கம் புத்தகச் சந்தையில்
பத்து சதவீதம் கழித்து வாங்கியது.
பழைய கதைதான், புதிதாய்ச் சொல்லியிருக்கிறார்கள்.
அரசர்கள் இதில் மூக்குச் சிந்துகிறார்கள்.
குதிரைகளுக்கு வயிறு சரியில்லை.
எனக்குப் பிடித்தது
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் வருகிற ஆள்:
சூதாட்ட மண்டபத்திலிருந்து
அவளைக் கூட்டிவா என்று அனுப்பப்படுகிறவன்.
பழையதில் அவனுக்கு நாலைந்து வரி.
இங்கே நாற்பது பக்கம், வாரறுந்த செருப்பு,
சீக்காளியாய் ஒரு மகள்.

போகிறான்.
அவள் வரவில்லை.
ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்புகிறாள்:
என்னை வைத்து ஆடுவதற்கு முன்னால்
அவர் தன்னைத் தோற்றிருந்தாரா?
திரும்பும் வழியில் தூணைப் பிடித்து
அவன் அழுததாக எழுதியிருக்கிறது.

ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்: அழமாட்டான்.
கேள்வி மறந்துபோகாமல் இருக்க
வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்திருப்பான்.
இருபத்தொரு வருஷமாய் அமீனா நான்.
விலாசம் சரியா, நாய் கட்டிக் கிடக்கிறதா,
பேட்டா எந்த மாசம் வரும்.
இவ்வளவுதான் ஓடும் மனசில்.

செக்கானூரணியில் இறங்கி
கருவேலங்காட்டு ஓரமாய் ஒன்றரை மைல்.
எதிர்வாதி சோணைமுத்து வீட்டில் இல்லை.
மாந்தோப்பில் சீட்டாடுகிறார் என்று
கேட்காமலே சொன்னான் ஒரு பையன்.
பஞ்சவர்ணம் தைத்துக்கொண்டிருந்தாள்.
வாரண்டை வாசித்துக் காட்டி
எழுதத் தொடங்கினேன்: டிவி, பீரோ, கட்டில் ஒன்று.
மிஷினைத் தொடமாட்டேன், அது தொழில் சாமான்.
சமைக்கிற பாத்திரம், படுக்கை, உடுத்துகிற துணி
ஜப்தியில் சேராது.
சட்டத்திலேயே இருக்கும்மா என்றேன்,
என்னவோ நான் எழுதிய சட்டம் மாதிரி.
உடுத்துகிற துணி என்ற இடத்தில்
தோளில் பை கனத்தது.
அந்த மண்டபத்தில் அத்தனை பெரியவர்கள் இருந்தும்
இப்படி ஒரு ஷரத்து இல்லை.

அவள் மறிக்கவில்லை,
மண்ணை வாரித் தூற்றவில்லை.
மிதியிலிருந்து காலை எடுக்காமல் கேட்டாள்:
“அந்தப் பத்திரத்துல இவரு கையெழுத்துப் போட்டது
ராத்திரியா, பகலா?
கேட்டுட்டு வந்து சொல்லுங்க.
ராத்திரின்னா அது அவரே இல்ல.”

பத்திரத்தில் தேதி இருக்கும்.
நேரம் இருக்காது.

எதையும் எடுக்காமல் திரும்பினேன்.
அறிக்கையில் ‘குறிப்பு’ என்ற கட்டத்துக்குள்
அவள் கேட்டதை அப்படியே எழுதினேன்,
எழுத்தைச் சுருக்கி, ஓரம்வரை.
நாசர் கண்ணாடியை இறக்கினார்.
“சாமானைக் கொண்டாரச் சொன்னா
கேள்வியக் கொண்டாந்திருக்கீரு.”
சிவப்பு மையில் ஒரே கோடு.
வாரண்டு இப்போது திரவியத்திடம் இருக்கிறது.
திரவியம் கதவைத் தட்டுகிறவன் இல்லை.

புத்தகத்திலும் அப்படித்தான்.
மறுபடி போகச் சொன்னதும் இவன் தயங்குகிறான்,
உடனே வேறொருத்தன் எழுந்து போகிறான்.
அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும்.
நான் தேடுவது இவனை.
மண்டபத்தில் ஓரமாய் நின்றானா,
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
வீட்டுக்குப் போனானா,
மகளுக்குக் கஷாயம் கொடுத்தானா.
போர் வந்துவிட்டது. யானைகள் விழுகின்றன.
நானூறு பக்கம் புரட்டியாயிற்று,
ஆளைக் காணோம்.

நேற்று மறுபடி அதே தடத்தில் பஸ்.
நாகமலையின் நிழல் சன்னலில் ஏறி
எழுத்து மங்கியது.
உள்ளே லைட்டைப் போடலாமா வேண்டாமா என்று
டிரைவர் யோசிக்கிற நேரம்.
இருநூற்றுப் பன்னிரண்டில் விரலை வைத்து மூடினேன்.
செக்கானூரணி எறங்கு, எறங்கு என்றார் கண்டக்டர்,
என்னைப் பார்த்து.

என் டிக்கெட் உசிலம்பட்டிக்கு.