களியக்காவிளை, ஐந்தாம் தவணை

நாலரை மணி கேரள வண்டியில்
ஜன்னல் சீட்டைக் கண்டக்டரே பிடித்து வைக்கிறார்.
தலையில் துணி கட்டிய பிறகு
யாரும் என்னிடம் சில்லறை கேட்பதில்லை.

பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம்.
பதினெட்டு வருடம் ரப்பர் ஷீட்டு எடை போட்டவள்,
ஆசிட் நாற்றத்தில் சோறு தின்றவள்,
முன்சீட்டுக்காரியின் பிச்சிப்பூவுக்கு
மூக்கைப் பொத்துகிறேன்.

வார்டில் லிஜிமோள் சிஸ்டர்
சிரிஞ்சைக் கையிலேயே பிடித்துப்
பைய ஏற்றுவாள். சர்பத் நிறம்.
நரம்புக்கு வெளியே சிந்தினால் சதை வெந்துபோகும் என்பாள்
என் முகத்தைப் பார்க்காமல்.

எந்த ஊர்ச் சாயம் இது என்று கேட்டேன், மூன்றாம் தவணையில்.
பக்கத்துக் கட்டிலில் கிரேனாப் டீச்சர், பயாலஜி,
கண்ணைத் திறக்காமலே சொன்னார்:
சாயமில்லை. மண்ணுக்குள் இருக்கும் ஒரு கிருமி உண்டாக்குவது.
மழை விழுந்ததும் ஒரு மணம் வருமே,
அதை விடுகிற குடும்பம்.

எனக்காக உண்டாக்கியதில்லை.
இரை குறைந்த காலத்தில்
பக்கத்துக் கிருமி வரப்பு தாண்டாதிருக்க
அது வைத்த காவல் என்கிறார்கள்.

எல்லைத் தகராறு!
அது எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.
செக்போஸ்ட்டிலிருந்து அறுபதடியில் வீடு.
ரேஷன் அரிசி ஊடுவழியில் கடக்கும் சத்தத்தில்
உறங்கிப் பழகியவள்.
என் இடது பக்கம் கடந்தது மட்டும்
காதில் விழவில்லை.

இந்தக் காவலுக்கு முகம் பார்க்கத் தெரியாது.
வேகமாய்ப் பெருகுவது எதுவோ, அதைப் பிடிக்கும்.
முடியைப் பிடித்தது. நாக்கைப் பிடித்தது.
நெஞ்சு தாங்குவதற்கும் ஓர் அளவு உண்டாம்,
ஆயுளுக்கு இவ்வளவுதான் என்று.
சிஸ்டர் மில்லிகிராம் கூட்டி எழுதுகிறாள்.
எடைக்காரியல்லவா,
எட்டிப் பார்த்துக் கூட்டல் சரிபார்த்தேன்.

மத்தியானம் சிவப்பாய்ப் போகும்.
முதல் தடவை அலறினேன்.
இப்போது ரெண்டு கப்பு தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறேன்.

இன்று திரும்புகையில் இஞ்சிவிளையில் இடவப்பாதியின் முதல் துளிகள்.
ஷட்டரை இறக்குமுன் ஒருவர்
நெஞ்சு நிறைய இழுத்து, “மண்வாசம், கேட்டியளா” என்றார்.
வண்டியே தலையாட்டியது.
எனக்குக் குமட்டியது.
கவர் எடுத்து, குனிந்து, வாயைத் துடைத்து,
முடிச்சுப் போட்டு மடியில் வைத்தேன்.
முந்நூறு கிராம் வரும்.

என் ஷட்டரை மட்டும் இறக்கவில்லை.
செம்மண் கரைந்து ஓடையில் இறங்கியது,
சிரிஞ்சின் அதே நிறத்தில் இல்லை,
கொஞ்சம் மங்கல்.
இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு என்றேன் அதனிடம்,
கடையில் பற்று வைத்தவள்
முதலாளியைச் சாலையில் கண்டதுபோல.