பாக்கி

டாக்டர் புஷ்பலீலாவின் கணக்கு
என் நீலப் புத்தகத்தில்
லோரி முதலாளிகளுக்கு நடுவில் கிடக்கிறது.
முதல் வரி: மைலோ டின், பற்றவைப்பு, கைப்பிடி.
மூன்று வெள்ளி ஐம்பது காசு.
டின் அவருடையது.

பாடாங் செராயில் அப்போது
கண் டாக்டர் என்றால் கண்ணாடிக் கடைக்காரர்.
இவரோ பேச்சு வராத பிள்ளைகளுக்கு மட்டும்.
"தெரியுதா, தெரியலையான்னு
அதுங்ககிட்ட எப்படிக் கேப்பீங்க?"
சிகரெட்டோடு சிரித்தேன்.
டின்னைச் சுற்றிக் கறுப்பு டேப்பைப்
பட்டை பட்டையாய் ஒட்டி
என் முகத்துக்கு நேரே சுழற்றினார்.
"உங்க கண்ணு ஓடுது, மிஸ்டர் பொன்னுதுரை.
பட்டையைப் பிடிக்கும், விடும், அடுத்ததைப் பிடிக்கும்.
நீங்க வேணாம்னாலும் ஓடும்."

அடுத்த பக்கம்: ரப்பர்த் தகட்டில் கண்மூடி, நாற்பது.
நல்ல கண்ணை மூடினால்தான்
சோம்பேறிக் கண் வேலைக்கு வருமாம்.
கடையில் விற்கும் ஒட்டுத்துணி
நம் பிள்ளைகள் வியர்வையில் பத்து மணிக்கே கழன்றுவிடும்.
காற்றுக்கு நடுவில் ஓட்டை போட்டுக் கொடுத்தேன்.
ஒரே வாரத்தில் வந்து நின்றார்:
"ஓட்டை வழியா எல்லாம் டிவி பாக்குதுங்க."
நாற்பதையும் கோடு போட்டு அடித்திருக்கிறேன்.
பிறகு ஓட்டையை ஓரத்துக்கு நகர்த்தினோம்.
அதற்குப் பாதி விலை.

தொண்ணூற்றாறு, நவம்பர். மழை.
இந்த வரியில் தொகை இல்லை.
டின்னின் கைப்பிடி இறுகிவிட்டதென்று
அவரே கொண்டுவந்திருந்தார்.
எண்ணெய் விட்டேன்.
சும்மா ஒரு சோதனைக்கு
நாலு மாத லோஷினியின் தொட்டிலுக்கு நேரே சுற்றினேன்.
டின் ஓடியது.
பட்டை ஓடியது.
பிள்ளையின் கண் அங்கேயே இருந்தது.
இன்னும் வேகமாய்ச் சுற்றினேன்.
டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

பிறவிப் புரை. பினாங்கில் இரண்டு ஆபரேஷன்.
வலது கண் வந்தது.
இடதுக்கு நாள் கடந்துவிட்டது.
அந்த நாலு மாதமும்
வாரம் ஒருமுறையாவது அந்த டின்
என் பட்டறைக்கு வந்து போயிருக்கிறது,
தொட்டிலுக்கு ஆறடி தள்ளி.

அந்த மாதமே இருபது டின் கேட்டார்.
தோட்டத்துக்கு ஒன்று.
மிஸி ரொகாயா மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு
லயம் லயமாய், டிவிஷன் டிவிஷனாய்ப் போனாள்.
"பால் கொடுக்கிற பிள்ளைக்கு எதுக்கு மிஸி மைலோ?"
என்று கேட்டார்களாம்.

குறை மாதக் குழந்தையின் இமையைத்
திறந்து பிடிக்க ஒரு கம்பி:
பால் மங்கைக் கட்டும் மரத்துக் கம்பியைக் காட்டி
"இந்த வளைவு, ஆனா எறும்பு அளவுக்கு" என்றார்.
பதினேழு முறை வளைத்தேன்.
கோலாலம்பூரில் மேசையைச் சுற்றிப் பதினோரு பேர்
சான்றிதழ் எங்கே என்றார்கள்.
சான்றிதழ் வர ஆறு வருஷம்.
இப்போது பெட்டியில் வருகிறது.
அவர் பெயர் இல்லை, என் பெயர் இல்லை,
ஓர் எண் இருக்கிறது.

போன மாதம் ஓய்வு பெற்றார்.
பாராட்டு விழாச் சால்வையோடு நேரே இங்கேதான் வந்தார்.
"புத்தகத்தக் காட்டுங்க. பாக்கி இருக்கா?"
ஒரு காசு மிச்சம் வைக்காதவர்.
எச்சில் தொட்டுப் புரட்டிக்கொண்டே போய்
தொகை இல்லாத வரியில் விரலை வைத்தார்.
"இங்க என்ன எழுதப் போறீங்க?"

லேத்தின் சத்தம் நின்றது.
உள்ளே லோஷினி,
ஒற்றைக் கண்ணுக்கு இரண்டு கண்ணாடி,
ஒன்று பார்க்க, ஒன்று காக்க.
"பா, புதுக் கம்பி எத்தன மில்லி?"

நான் வாய் திறக்குமுன்
டாக்டர் குரல் கொடுத்தார்:
"அரை. அரைக்கும் கொஞ்சம் கம்மி."